சர்வே கல்லில் கட்டிய தாசில்தார்

உலகம்மாள் முந்தின நாள் காலையில் போட்ட கோலம், மறுநாள் அவள் வாளியும் துடைப்பமுமாகக் கதவைத் திறந்து வந்தபோது, வாசலுக்கு நேராக இல்லாமல் மேற்கே ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. புள்ளி கலையவில்லை, இழை அறுபடவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ஒதுங்கி நிற்கும் விருந்தாளியைப்போல் அது நின்றது. கண்ணில் புரை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, வாசலுக்கு நேராக வேறொரு கோலம் போட்டாள். மறுநாள் அதுவும் ஒரு சாண் மேற்கே போயிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்களேன். நம்ம வீடு நகர்ந்திருக்கு."

கணவர் ஆவுடையப்பன் நாளிதழை மடிக்காமலே வந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெற்ற நாள் வரை அந்தத் தாலுகாவின் வயல், வாய்க்கால், சுடுகாடு, பொறம்போக்கு அத்தனையையும் சங்கிலி இழுத்து அளந்த சர்வேயர் அவர். கோலத்தை ஒருமுறையும் வீட்டை ஒருமுறையும் பார்த்தார்.

"வீடு எப்படிட்டி நகரும்? கோலந்தான் நகர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பேச்சுக்கு மறுபேச்சு அந்தத் தாலுகாவில் இருந்ததில்லை. அண்ணன் தம்பிகள் வரப்புக்காக அரிவாளோடு நிற்கும்போது, ஊர்ப்பெரியவர்கள் புளியமரத்தைச் சாட்சி சொல்லுவார்கள், ஓடையைச் சாட்சி சொல்லுவார்கள். ஆவுடையப்பனோ குடையை ஊன்றிக்கொண்டு, "மரம் சாயும், ஓடை திசை மாறும், மனுசனைப் பத்திச் சொல்லவே வேண்டாம். கல்லு எங்க நிக்கோ அங்கதான்வே நிலம்" என்பார். அதோடு வழக்கு முடிந்தது. இத்தனை வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு நிலத்துக்கும் அது பழகிப்போயிருக்க வேண்டும். இந்தக் கதையில் ஏன், எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாய் வந்தது அவர் ஓய்வுபெற்ற பிறகு. குபேரலட்சுமி நகர் என்ற அந்தப் புதுக் குடியிருப்பில், கரிசல் காட்டை மனைமனையாக வெட்டி, ஆளுக்கொரு மாடி கட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு காலையில் நடந்தார்கள். கருவூல அதிகாரியிடம் லேப்ரடார் இருந்தது. தலைமையாசிரியையிடம் பொமரேனியன் இருந்தது. எதிர்வீட்டுப் பூதலிங்கம், முன்னாள் தாசில்தார், இந்நாள் குடியிருப்போர் சங்கத் தலைவர், ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை முன்னே விட்டுப் பின்னே நடந்தார். அவருக்குக் கீழே அரை ஆயுள் கைகட்டி நின்ற ஆவுடையப்பன், "வெளிநாட்டு நாய்லாம் நமக்கு எதுக்குவே? மண்ணோட நாய்தான் மானமுள்ள நாய்" என்று அறிவித்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கிவந்து அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தார். ஸ்கூட்டரின் முன்புறம் 'மண்ணின் வீரம்' என்று ஒட்டிக்கொண்டார். தினமும் காலையில் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டதும் வாசலில் நின்று, "தாசில்தார், உட்கார்!" என்பார்.

நாய் நிற்கும்.

"தாசில்தார், எழுந்திரு!"

நாய் படுத்துக்கொள்ளும்.

"என்னவே ஆவுடையப்பன்," என்று பூதலிங்கம் மாடியிலிருந்து கேட்பார், "உம்ம தாசில்தார் சொன்ன பேச்சு கேக்க மாட்டாரோ?"

"எந்தத் தாசில்தார் சார் கேட்டிருக்காவ?" என்பார் ஆவுடையப்பன், மிகுந்த பணிவோடு.

சிப்பிப்பாறை என்பது, ஓட்டத்தின்மேல் மெல்லிய தோலைப் போர்த்தி அதற்கு நாலு காலும் ஒரு வாலும் வைத்தது போன்ற பிராணி. முகம் குறுகி, கழுத்து நீண்டு, வயிறு முதுகோடு ஒட்டி, நெஞ்சு மட்டும் தோணியின் அடிப்பக்கம்போல் இறங்கி இருக்கும். மோந்து பார்த்துத் தேடுவது அதற்குக் கௌரவக் குறைவு. கண்ணால் பார்க்கும், பார்த்தது ஓடினால் தானும் ஓடும், பார்த்தது நின்றுவிட்டால் அதற்கு உலகத்தில் வேறு வேலை இல்லை. ஆவுடையப்பன் காவல் நாய் என்று நினைத்திருந்தார். அது குரைக்கவில்லை. தேங்காய் திருட வந்தவன் மரத்திலிருந்து இறங்கும்போது அது தலையைத் தூக்கி, ராஜா தர்பாரில் மனு கொடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. திருடனே ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத்தான் சுவர் ஏறினான் என்று பிற்பாடு டீக்கடையில் சொன்னான்.

ஊர்க்காரர்களுக்கு அதன் விலா எலும்புதான் கண்ணை உறுத்தியது.

"மைனி, நாய்க்குச் சோறு போடுதீயளா, இல்ல எலும்பை எண்ணிப் பாக்கவே வளக்கீயளா?" என்று பூதலிங்கத்தின் மனைவி பார்வதி காம்பவுண்டு சுவர் மேலாகக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்புச் சோற்றைக் கொண்டுவந்து கொட்டினாள். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலிருந்தும் பூரி, பிரியாணி, பிறந்தநாள் கேக் எல்லாம் வந்தன. நாய் மரியாதைக்குக் கொஞ்சம் தின்று, மரியாதையாக ஒரு மூலைக்குப் போய்க் கக்கியது. முட்டியில் புண் வந்தது. மார்கழி பிறந்ததும் காய்ந்த இலைபோல் நடுங்கியது. உலகம்மாள்தான் பிடிவாதம் பிடித்துக் கால்நடை மருத்துவர் பரீதா பேகத்தை வரவழைத்தாள்.

பரீதா நாயைத் தொட்டுப் பார்த்தாள். நாய் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தது.

"சார், இதுக்கு விலா எலும்பு தெரியணும். தெரியலைன்னாத்தான் நீங்க என்னைக் கூப்பிடணும்" என்றாள். "உடம்புல கொழுப்பே கிடையாது. தோல் காகிதம் மாதிரி. சிமெண்ட் தரையில படுத்தா முட்டி தேஞ்சு புண்ணாயிடும், மெத்துனு ஏதாவது விரிங்க. குளிருக்குப் போர்த்திவிடுங்க. கம்பங்கூழ், மோர், ஒரு முட்டை, கொஞ்சம் கறி போதும். சத்தம் போடாதீங்க, மனசு விட்டுப்போனா சாப்பாட்டைத் தொடாது. பகல் முழுக்கத் தூங்கும், அதைப் பத்தி ஒண்ணும் நினைக்காதீங்க. ஆனா தினமும் ஒரு தடவை, வேலி இருக்கிற வெட்டவெளியில அவுத்துவிட்டு ஓட விடணும். அதான் முக்கியம். இது ஓடுறதுக்குன்னே பொறந்தது. ஓட விடலைன்னா அந்த ஓட்டம் வேற எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

"எங்க போகும்?" என்றார் ஆவுடையப்பன்.

"அது எனக்குத் தெரியாது சார். நாங்க உடம்புக்குத்தான் படிச்சோம்." கிளம்பும்போது அவள் உலகம்மாளிடம் தனியாகச் சொன்னாள்: "அம்மா, கடையில விக்கிற கழுத்துப் பட்டை வேண்டாம். இதுக்குக் கழுத்தைவிடத் தலை சிறுசு, சுலபமா உருவிக்கிட்டுப் போயிடும். ரோட்டுல போனா ஆபத்து. நாலு விரல் அகலத்துல துணியில நீங்களே ஒண்ணு தச்சுக் கட்டுங்க."

ஆவுடையப்பனுக்கு அந்தப் பேச்சில் 'வேலி' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. நாயைக் கட்டித்தான் போட வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டதாக அவர் தெருவெல்லாம் சொன்னார். உலகம்மாளுக்கு எல்லாமே காதில் விழுந்தது. பழைய மெத்தையைப் பிரித்து விரிப்பு தைத்தாள். ஓய்வுபெற்ற அன்று கணவருக்குப் போர்த்திய பொன்னாடையை வெட்டி நாய்க்குச் சட்டை தைத்தாள். சரிகைக் கரையோடு தாசில்தார் தெருவைப் பார்த்தபடி நின்றபோது, அந்தப் பொன்னாடை இப்போதுதான் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தன் கல்யாணச் சேலையில் மிஞ்சியிருந்த நல்ல பகுதியைக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, உருவ முடியாத ஒரு பட்டையும் தைத்து, தன் கையாலேயே அதன் கழுத்தில் முடிந்தாள்.

கட்டுவதற்கு இடம் தேடினார் ஆவுடையப்பன். கேட் தூணை அவர் நம்பவில்லை. அது மேஸ்திரி கட்டியது. தென்னையை நம்பவில்லை, அது வளர்கிறது. உலகத்தில் அசையாத பொருள் ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். மனையின் வடகிழக்கு மூலையில், தலையில் அம்புக்குறி செதுக்கி, இடுப்பளவு மண்ணுக்குள் இறங்கியிருந்த சர்வே கல்லில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை நாயின் பட்டையில் கோத்துப் பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அந்த மனைதான் தெருவின் கடைசி மனை. அதற்குக் கிழக்கே வேலியும் இல்லை, வீடும் இல்லை. கரிசல் காடு கறுப்பாக விரிந்து கிடக்க, அதன் மறுகோடியில், நமக்கெல்லாம் வெறும் கானல் தெரிகிற தூரத்தில், ரயில் பாதை இருந்தது. காலைப் பாசஞ்சர் போவது நமக்குத் தெரியாது. தாசில்தாருக்குத் தெரிந்தது. உலகத்திலேயே நீளமான ஒரு பிராணி, தினமும் அதே நேரத்தில், தன்னைப் பார் தன்னைப் பார் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ஓடுவதைப் பார்த்தால் ஓடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத நாய் என்ன செய்யும்? காது பின்னால் மடிய, முதுகு வில்லாக வளைய, ஒரே எட்டு எட்டியது. சங்கிலி விறைத்தது. கல் ஒரு சாண் கிழக்கே போயிற்று. கல் எங்கேயோ அங்கே நிலம் என்பதால் நிலம் கூடவே போயிற்று. நிலத்தின் மேல் வீடும், வீட்டுக்குள் மாவு அரைத்துக்கொண்டிருந்த உலகம்மாளும், மாவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கூடவே போனார்கள்.

தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைவிடப் பெரிய காரியங்களுக்கெல்லாம் பழகிய தெரு அது. குழாய் பதித்த பிறகு தண்ணீர் வராததற்குப் பழகியிருந்தது, தோண்டிய பள்ளம் மூடப்படாததற்குப் பழகியிருந்தது. பால்காரர் சைக்கிளை இன்னும் கொஞ்சம் மிதித்தார். மின்வாரியத்து ஆள் வந்து, அண்ணாந்து பார்த்து, "வீட்டை ஒரு இடத்துல நிறுத்தக் கூடாதாம்மா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் கம்பியை நீட்டிவிட்டுப் போனார். குழாய்க்கு ரப்பர் டியூப் மாட்டினார்கள். நாய் நாளாக ஆக வளர்ந்தது, எட்டும் வளர்ந்தது. சாண் முழமாயிற்று, முழம் ஆள் நீளமாயிற்று, ஆள் நீளம் கூப்பிடு தூரமாயிற்று. வீடு தெருவை விட்டிறங்கிச் சீனிராஜின் பருத்திக் காட்டுக்குள் போனபோது, பருத்திச் செடிகள் கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிடும் கூட்டம்போல் விலகி, வீடு கடந்ததும் பின்னால் சேர்ந்துகொண்டன. ஒரு காய்கூட உதிரவில்லை. சீனிராஜ் களைவெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மைனி, வீடு இன்னைக்கு நம்ம காட்டுல இருக்கு. ஒரு காபி போடுங்க. நாளைக்கு அடுத்தவன் காட்டுக்குப் போயிருவீய."

வீடு நகராட்சி எல்லையைத் தாண்டிய அன்று, வார்டு உறுப்பினர், தெருவிளக்கு கேட்டு ஓயாமல் மனு எழுதும் ஒருவர் ஒழிந்தார் என்று வெடி போட்டார். அந்தப் பக்கத்து ஊராட்சித் தலைவி தாம்பாளத்தோடு வரவேற்றாள். அதாவது தாம்பாளத்தை அவள் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கணவர் மாலை போட்டு, அவள் கணவர் பேசி, அவள் கணவர் படம் எடுத்துக்கொண்டார். தங்கள் ஊராட்சியின் வளர்ச்சியைப் பார்த்து வீடுகள் தாமாகவே வருகின்றன என்று அவர் பேசியது உள்ளூர் டிவியில் வந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் குபேரலட்சுமி நகருக்குத் தூக்கம் போயிற்று. மேற்கே நாலுவழிச் சாலை வந்திருந்தது. சாலையை ஒட்டிய மனைக்கு இருக்கும் மதிப்பு உள்ளடங்கிய மனைக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். லேப்ரடார் வீட்டுக்காரரும் பொமரேனியன் வீட்டுக்காரரும் ராத்திரியோடு ராத்திரியாக நாய்களை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, ஆளுக்கொரு சிப்பிப்பாறையை வாங்கி, தத்தம் சர்வே கற்களில் சாலையைப் பார்க்கக் கட்டினார்கள். ஸ்கூட்டர்களெல்லாம் மண்ணின் வீரத்தை ஒட்டிக்கொண்டன. ஆனால் நாலுவழிச் சாலையில் வண்டிகள் இரண்டு பக்கமும் போகின்றன. நாய்கள் இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு என்று எட்டின. வீடுகள் இடம்விட்டு இடம் போகாமல், தொட்டில்போல் ஒரு சாண் அப்படியும் ஒரு சாண் இப்படியுமாக ஆடின. அலமாரிகளிலிருந்து வெள்ளிப் பாத்திரங்கள் விழுந்தன. கருவூல அதிகாரிக்குத் தலைசுற்றல் வந்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்தது. நாய்கள் வெறுத்துப்போய்க் கூழைத் தொடாமல் படுத்தன. பரீதா வீடு வீடாகப் போய், ஆடும் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "அவுத்து விடுங்க, அவுத்து விடுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொள்வான் என்பதால் யாரும் அவுக்கவில்லை.

ஆவுடையப்பன் வீடு விட்டுப்போன இடத்தில் சர்வே எண் இல்லாத ஒரு செவ்வக மண் மிஞ்சியது. கல் போய்விட்டதால் அது யாருக்கும் சொந்தமில்லை. முதலில் பூதலிங்கம் அங்கே காரை நிறுத்தினார். பிறகு ஒரு கொடிக்கம்பம் முளைத்தது. அதற்கு எதிராக இன்னொரு கொடிக்கம்பம் முளைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விடியற்காலையில் பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். சுயம்பு என்றார்கள். பிள்ளையாரின் முதுகில் கடைக்காரரின் விலாசம் இருந்ததைப் பற்றி நல்லவர்கள் பேசவில்லை.

இதற்குள் வீடு ரயில் பாதையை நெருங்கிவிட்டது. முருங்கைப் பாத்தியில் சரளைக் கல் வந்து விழ ஆரம்பித்தது. பாதையைப் பார்த்துக்கொள்ளும் ரயில்வே ஊழியர் ஒருவர் சுத்தியலும் கையுமாகத் தண்டவாளத்திலிருந்து இறங்கி வந்து, சமையலறை ஜன்னலைத் தட்டினார்.

"அக்கா, ஒரே ஒரு எட்டுத்தான் பாக்கி. அடுத்த எட்டு எட்டுச்சுன்னா உங்க அடுப்பு தண்டவாளத்துல இருக்கும். பாசஞ்சர் நிக்காது. அண்ணாச்சிட்ட சொல்லி நாயை அவுக்கச் சொல்லுங்க."

உலகம்மாள் சொன்னாள். அவள் சொல்லத் தொடங்கி வெகுநாளாயிற்று. நாயின் முட்டிப் புண்ணைக் காட்டிச் சொன்னாள், கூழ் ஆறிக் கிடப்பதைக் காட்டிச் சொன்னாள், பகலெல்லாம் வானவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய மைதீட்டிய கண்களைக் காட்டிச் சொன்னாள்.

"உனக்குச் சட்டம் தெரியுமாட்டி?" என்று ஆவுடையப்பன் சீறினார். "இந்த இடம் எல்லாம் ரயில்வே பொறம்போக்கு. இங்க வச்சு அவுத்தா கல்லு இங்கயே நின்னுரும். நாம ஆக்கிரமிப்பு ஆயிருவோம். எத்தனை பொறம்போக்கு வீட்டை நான் நின்னு இடிச்சிருக்கேன்! என் வீட்டை எவனோ ஒரு சின்னப்பய வந்து இடிக்கணுமா? நாய் கல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துட்டுப் போகட்டும், அன்னைக்கு அவுக்கேன்."

"அது ஏங்க பழைய இடத்துக்குப் போகும்? அங்க என்ன ஓடுது?"

இந்தக் கேள்வி அவரை யோசிக்க வைத்தது. அன்றைக்கே ஒரு பொம்மை முயலை வாங்கி, தன் பழைய மொபெட்டின் பின்னால் கயிற்றில் கட்டி, நாய்க்கு முன்பாக மேற்கு நோக்கி ஓட்டினார். "தாசில்தார்! முயல்! பிடி!" என்று கத்திக்கொண்டே, முயல் பின்னால் குட்டிக்கரணம் போட்டு வர, பருத்திக்காட்டு வண்டிப்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனார். நாய் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. அரை ஆயுள் பழகிய கீழ்நிலை ஊழியர் ஒருவர் புத்தி பேதலித்துப் போவதைப் பார்க்கும் மேலதிகாரியின் துக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு முகவாயைப் பாதத்தில் வைத்துக்கொண்டது.

அன்று மதியமே குடியிருப்போர் சங்கம் அவசரமாகக் கூடியது. கூட்டத்துக்குப் பாதிப் பேர் ஆடும் வீடுகளிலிருந்து வந்ததால், நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ரயிலை நாய் கண்ணுல படாம வேற பக்கமா விடச் சொல்லலாம்" என்றார் கருவூல அதிகாரி.

"நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினா என்ன?" என்றார் தலைமையாசிரியை.

"நாயை அவுத்து விட்டா என்ன?" என்றாள் கதவோரம் நின்ற உலகம்மாள்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பிறகு பூதலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாய்க்கும் ரயிலுக்கும் நடுவே பிரம்மாண்டமான ஒரு பேனர் வைப்பது என்றும், அதில் சங்க நிர்வாகிகள் அனைவரும் கைகூப்பியபடி இருப்பது என்றும் முன்மொழிய, கைதட்டல் எழுந்தது. சில மணி நேரத்தில் பேனர் வந்தது. பூதலிங்கத்தின் முகம் ஒரு மாட்டுத்தொழுவத்தின் அளவுக்கு இருந்தது. தாசில்தார் அதன் ஓரமாகக் கழுத்தை நீட்டியது. சிப்பிப்பாறையின் கழுத்து எவ்வளவு நீளம் என்று சங்கத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. அன்று மாலை வீசிய கரிசல் காற்று, நிர்வாகிகள் அனைவரையும் கைகூப்பியபடியே எடுத்துக்கொண்டு போய், எங்கோ ஒரு கருவேலங்காட்டில் போட்டது.

மறுநாள் காலையில் உலகம்மாள் வாசல் தெளிக்கவில்லை. தெளிக்க வாசல் இல்லை. ஒரு பக்கம் சரளைக் கல், மறுபக்கம் பருத்தி. ஆவுடையப்பன், நாய் இன்றைக்குப் பார்த்துத் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார், சாவியோடு. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். அது மெல்லப் பாட ஆரம்பித்திருந்தது, வெகு தொலைவில் வரும் ரயிலைப் பற்றி. பாலை இறக்கி வைத்தாள். எதற்காக இறக்கினோம் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுப்பே இருக்காது. ஆனாலும் பொங்குகிற பாலை இறக்காமல் ஒரு காரியத்துக்குப் போக அவளுக்குத் தெரியாது.

நாய் எழுந்து நின்றிருந்தது. அது குளிருக்கு நடுங்கவில்லை. வீணையின் நரம்பு வாசித்து முடித்த பிறகும் நடுங்குமே, அப்படி நடுங்கியது. ரயில் இன்னும் கண்ணுக்கு வரவில்லை; அவள் கண்ணுக்கு. காதுகள் மடிய ஆரம்பித்துவிட்டன.

உலகம்மாள் சங்கிலியைப் பிடித்தாள். கல்லைச் சுற்றிய சங்கிலி, அதன் நுனியில் பித்தளைப் பூட்டு, பூட்டு கோத்திருந்த வளையம், வளையம் தைத்திருந்த துணிப் பட்டை. பட்டையின் மேல் அவள் கை நின்றது. மாம்பழ நிறம் மங்கிப்போன கல்யாணச் சேலை. நாலு மடிப்பு. நடுவே ஒரு முடிச்சு. பூட்டு அவருடையது, சாவி அவருடையது, கல் அவருடையது. முடிச்சு அவளுடையது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நேரமில்லாததால் இரண்டையும் விட்டாள். இத்தனை நாளும் சாவி, சாவி என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, யாராலும் உருவ முடியாத பட்டையைத் தைத்தது யார் என்று ஒருநாளாவது யோசித்தோமா என்று நினைத்தபடி, நகம் நுழையாத அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். சேலை நூல் வாயில் கரித்தது. பாசஞ்சர் கூவியது. நாயின் பின்னங்கால்கள் மடிந்தன, முதுகு வளைந்தது, சங்கிலி தரையை விட்டு எழும்பியது, கல்லின் அடியில் மண் விரிசல் விட்டது, சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டது—

முடிச்சு அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு நாய் அங்கே இல்லை. அங்கே இல்லை என்று கண் அறிவதற்குள் அது பருத்திக்காட்டின் மறுகரையில் இருந்தது. பொன்னாடையின் சரிகை ஒரு கோடாக நீண்டு, அந்தக் கோட்டின் முனையில் ஒரு நாய் தன்னைத் தானே சுருட்டி, தன்னைத் தானே வீசி, நாலு காலும் ஒன்றாய்க் கூடி, நாலு காலும் நாலு திசைக்கும் பிரிந்து, மண்ணைத் தொடுவது ஒரு சம்பிரதாயத்துக்காக என்பதுபோல் தொட்டுத் தொட்டு, ரயிலுக்குப் பக்கவாட்டில், ரயிலுக்குச் சமமாக, பிறகு ரயிலுக்கு முன்னால் ஓடியது. ஜன்னலோரம் இட்லிப் பொட்டலம் பிரித்தவர்கள் பிரித்தபடியே நின்றார்கள். கைக்குழந்தைகள் கை நீட்டின. எஞ்சின் ஓட்டுநர் கூவ மறந்தார். வளர்ந்த நாள் முதல் ஓடாத ஓட்டமெல்லாம் அந்த உடம்பிலிருந்து அவிழ்ந்து, கறுப்பு மண்ணின்மேல் ஒரு பெரிய வட்டமாக விழுந்துகொண்டிருந்தது.

வீடு அசையவில்லை.

ஆவுடையப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் நுரையும் கையில் சாவியுமாக ஓடி வந்தார். கல்லைப் பார்த்தார். பூட்டிய பூட்டோடு வெறுமனே கிடந்த பட்டையைப் பார்த்தார். வானவிளிம்பில் ஒரு கோட்டைப் பார்த்தார். நுரை கண்ணில் வழிந்தது. எவ்வளவோ தூரங்களை அளந்த மனிதர், தூரம் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று அறியாதவர்போல் வாயைத் திறந்து நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, கையை நீட்டி, அதிகாரத்தோடு கத்தினார்:

"தாசில்தார்! ஓடு!"

நாய் ஓடியது.

"பாத்தியாட்டி," என்று கண்ணிலிருந்த நுரையைத் துடைத்தபடி மனைவி பக்கம் திரும்பினார். "சொன்னதும் கேட்டான்."

"ஆமாங்க," என்றாள் உலகம்மாள், வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் சொன்ன 'ஆமாங்க'க்களில் மனசோடு சொன்னது அது ஒன்றுதான்.

வெயில் ஏறியதும் நாய் தானாகவே திரும்பி வந்து, நாக்கைத் தொங்கவிட்டு, ஒரு சட்டி மோரைக் குடித்துவிட்டு, ஆவுடையப்பனின் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் பூதலிங்கம் ஸ்கூட்டரில் வந்தார்.

"வீடு நின்னுட்டுன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம்வே. ஆனா திரும்பி வரணும்னு மட்டும் நினைச்சுராதேயும். பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் குறிச்சாச்சு. சாமியை எழுந்திரும்னு சொல்ல முடியுமா?"

"நாங்க வரலை அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள். "காபி சாப்பிடுங்க."

ரயில்வேயிலிருந்து ஓர் இளம் சர்வேயர் வந்தார். ஆவுடையப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் வாசலில் நின்றார். இளைஞர் கல்லைப் பார்த்தார், வரைபடத்தை விரித்தார், கல்லைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அவரும் ஆவுடையப்பன் முன்பு நடத்திய பயிற்சி வகுப்பில் படித்தவர்களிடம் படித்தவர். கல் எங்கேயோ அங்கே நிலம் என்றுதான் அவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டைத் திருத்துவதைவிட வரைபடத்தைத் திருத்துவது சுலபமாக இருந்தது. திருத்தினார். வீட்டிடமிருந்து ரயிலைக் காப்பாற்றுவதற்காகப் பாதை நெடுகக் கம்பிவேலி போட்டார்கள். சீனிராஜும் தன் பங்குக்கு மறுபக்கம் முள்ளை வெட்டிப் போட்டு, வாசல் தெளிக்க இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். பரீதா கேட்ட, வேலி இருக்கிற வெட்டவெளி, யாரும் உத்தேசிக்காமலே அமைந்துவிட்டது. குபேரலட்சுமி நகரின் நாய்களை அவள் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுவந்து ஓட விடுகிறாள். வீடுகள் ஆட்டம் நின்று, உள்ளடங்கிய மனைகளாகவே இருக்கின்றன.

இப்போதெல்லாம் காலைப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு ஆவுடையப்பன் வாசலில் நிற்கிறார். நாய் பாய்ந்து காட்டின் பாதியைக் கடந்ததும் "ஓடு!" என்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் சுருண்டதும் "படு!" என்கிறார். இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள தாசில்தாரை இந்த மாவட்டம் கண்டதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார்.

உலகம்மாள் விடியும்போது எழுந்து, வாளியும் துடைப்பமுமாகக் கதவைத் திறக்கிறாள். நேற்றுப் போட்ட கோலம் வாசலுக்கு நேராகவே இருக்கிறது. நிம்மதிதான். ஆனாலும் சில நாள், துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று, ஒரு சாணாவது தள்ளியிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்கிறாள்.